ரத்மலானையில் துலுக்கிய விமானம்

பேய், குறி, சகுனம் எதையும் நான் கிட்டே அண்டவிட்டதில்லை. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்புவது என் பிழைப்பு. கிணற்றில் சாமி சிலை மிதந்தது என்றால், சிலை கல்லா மரமா என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதற்காகவாவது கடைசிவரை கேளுங்கள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் அன்று பாதிவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசி. என் தாய்மாமன் சின்னக்கருப்பன் அய்யலூர் சந்தையில் ஆட்டு வியாபாரி. மகள் கல்யாணத்துக்குக் கொழும்பில் கடை வைத்திருந்த தன் அண்ணனை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் மரியாதை என்று, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கப்பலில் போனார். அண்ணனோ கடையை விட்டு வர முடியாது என்றுவிட்டார். திரும்புகிற நேரம் பார்த்துக் கடல் கொந்தளித்து, தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடவில்லை. மறுநாள் விடிந்தால் முகூர்த்தம், தாரை வார்க்க வேண்டிய அப்பன் கொழும்பில். அண்ணன் எப்படியோ திருச்சி விமானத்தில் இரண்டு இடம் பிடித்துக் கொடுத்தார்.

ரத்மலானை விமான நிலையம் கடலை ஒட்டியது. ஓடுபாதைக்கு அப்பால் தென்னை, தென்னைக்கு அப்பால் தண்ணீர். உச்சி வெயில். மற்றப் பயணிகள் கட்டட நிழலில் நிற்க, மாமா மட்டும் விறுவிறுவென்று விமானத்தை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"மாப்ளே, இது உசுருள்ளதா, இல்லாததா?"

"வெறும் தகரம் மாமா."

"தகரமோ தங்கமோ, இம்புட்டுப் பேரை வயித்துல போட்டுக்கிட்டுக் கடலைத் தாண்டப்போகுது. அதுகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

எங்கள் பக்கத்தில் சாமிக்குக் கிடா வெட்டுமுன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பை உதறித் துலுக்கினால் உத்தரவு கிடைத்ததென்று அர்த்தம். துலுக்காதவரை எவனும் அரிவாளைத் தொடமாட்டான். மாமா ஆயுசு முழுக்க உத்தரவு கேட்ட விதம் அது ஒன்றுதான். வேறு விதம் அவருக்குத் தெரியாது.

கொழும்பு அண்ணனின் மனைவி மணப்பெண்ணுக்குக் கொடுத்தனுப்பிய மஞ்சள் தூளைச் சொம்புத் தண்ணீரில் கரைத்தார். விமானத்தின் முதுகு எட்டவில்லை, மூக்கும் எட்டவில்லை. எட்டிய இடத்தில், சக்கரத்துக்கு மேலே ஊற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். வெள்ளைச் சீருடைப் பையன் ஒருவன் ஓடி வந்தான். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"ஐயா, என்ன செய்யிறியள்?"

"செத்த பொறுங்க தம்பி. துலுக்கட்டும்."

"எது?"

"ஏரோப்பிளேன்தான்."

அவன் என்னைப் பார்த்தான். நான் விளக்கினேன். "எங்கட ஊரில ஆட்டுக்குத்தான் செய்யிறது," என்றான், நியாயமாகத்தான்.

விமானம் அசையவில்லை. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி, எளச்ச ஆட்டுக்கு உப்புத்தண்ணி காட்டி வயித்தை உப்ப வச்சு வித்தேன், மன்னிச்சிரு." அசையவில்லை. "துலுக்காத ஆட்டுக்குக் காதுல ரெண்டு சொட்டு விடுவோம். இதுக்குக் காது எங்கிட்டு இருக்கு தம்பி?"

அந்தப் பையன் உண்மையிலேயே அண்ணாந்து தேடினான்.

அப்போதுதான் அது நடந்தது. இயந்திரம் ஓடவில்லை, விசிறிகள் நின்றிருந்தன. உள்ளே ஆள் இல்லை. காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் கம்பத்தில் தொங்கிக்கிடந்தது. இத்தனையையும் நான் கவனித்துக்கொண்டிருக்கும்போதே விமானம் மூக்கிலிருந்து வால்வரை ஒரு முறை உதறியது. நனைந்த கிடா எப்படி உதறுமோ அப்படி. மஞ்சள் துளிகள் என் சட்டையில் தெறித்தன.

பையன்தான் முதலில் வாய் திறந்தான். "ஓமெண்டு சொல்லிட்டுது. ஏறுங்கோ ஐயா."

மாமா நகரவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "எதுக்குய்யா ஓம் சொல்லிச்சு? துலுக்குனா, என்னைய வெட்டிக்கங்கன்னுல்ல அர்த்தம்!"

என் சிரிப்பு அங்கே நின்றது. அதுவரை துலுக்கவில்லை என்று ஏற மறுத்தவர், துலுக்கிவிட்டதே என்று ஏற மறுத்தார். பயணிகள் வரிசையாக வரத் தொடங்கிவிட்டார்கள். அய்யலூரில் பந்தல் போட்டாயிற்று.

"மாமா, வெட்டுறது நீங்கதானே? அரிவா வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்க விட்டா விட்டதுதானே?"

யோசித்தார். துண்டின் ஓரத்தைக் கிழித்து மஞ்சளில் நனைத்துச் சக்கரத்தின் காலில் கட்டினார். "நேந்து விட்டாச்சு. உன்னை வெட்டமாட்டேன். எம்மவ கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் எங்களைக் கீழ போட்டுறாத."

"அதுக்குப் பிறகு?" என்றான் பையன், கவலையோடு.

"அது இஷ்டம்."

நாங்கள் படியேறும்போது திரும்பிப் பார்த்தேன். பையன் அந்தத் துணியைப் பக்குவமாக அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். அத்தை பயணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "குலசாமிக்கு வெட்டி விருந்து வைக்க வாங்கின கிடாயை வந்து பாருங்க. மத்தியானத்துலேருந்து துலுக்கிக்கிட்டே நிக்குது. மேலெல்லாம் மஞ்சத்தண்ணி. யாரு ஊத்துனதுன்னு தெரியல."

மாமா ஒரு நிமிடம் அதன் முகத்தையே பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டார். "வாக்குக் குடுத்துட்டேன்," என்றார்.

விடிகாலையில் தாரை வார்த்தார், தாலி ஏறியது. மறுநாள் கறி விருந்துக்கு உட்கார்ந்த சம்பந்தி இலையைப் பார்த்துவிட்டு, "ஆட்டு யாவாரி வீட்டுல கத்திரிக்காயா?" என்று எழுந்தே விட்டார். அவரைச் சமாதானம் செய்வது விமானத்தைச் சமாதானம் செய்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

கல்யாண வீட்டில் மஞ்சள் தண்ணீருக்குப் பஞ்சமா, ஏதோ வாண்டு ஊற்றியிருக்கும் என்றுதான் நானும் முடிவுகட்டப் பார்த்தேன். ஆனால் நாங்கள் ஊர் வந்து சேர்ந்த சாயங்காலம், மாமா கயிற்றை அவிழ்க்குமுன் அந்தக் கிடாயின் ஈர முதுகைத் தடவிய கையை மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை.

இன்றும் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது, முதுகுக்குப் பின்னால் ஏதோ உடம்பை உதறுவதுபோல் இருக்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.