ஜன்னலுக்குப் போன தோல்கள்

ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் கம்பெனியில் அசார்ட்டிங் டேபிளுக்கு இரண்டு பேர். தரம் பிரிப்பதுதான் வேலை. தோலை விரித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் விரல் காட்ட வேண்டும். ஒரு விரல் என்றால் முதல் கிரேடு, இரண்டு என்றால் இரண்டாவது, மூன்று என்றால் ரிஜெக்ட். விரல்கள் ஒத்துப்போனால் முத்திரை. இல்லாவிட்டால் தோலை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பேசி முடிவுசெய்ய வேண்டும்.

என் ஜோடி யாகூப் பாய். எழுபதுகளில் நாங்கள் ஜன்னலுக்கு நடந்த நடைக்குப் பெங்களூருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். "யோவ் நடேசா, உண்ணி கடிச்ச தழும்பு தெரியல? அது இன்னா கண்ணா, புண்ணா?" என்பார். நானும் லேசில் விடமாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சண்டை குறைந்தது. பிறகு நின்றேபோனது. "உங்கள மாதிரி ஜோடி வராதுப்பா" என்றார் சூப்பர்வைசர். எனக்கும் பெருமைதான்.

ஒருநாள் நடுவிரலில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்தேன். மடக்க வரவில்லை. காலையில் வந்த முதல் தோலே அப்பழுக்கில்லாத தோல். நான் ஒரு விரல் காட்டினேன். கட்டுப்போட்ட விரலும் கூடவே நீட்டிக்கொண்டது. பாய் இரண்டு விரல் காட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. "பாய், தோல்ல இன்னா தெரியுது?"

குரலைத் தாழ்த்தினார். "தோலு தெரியல. உன் கைதான் தெரியுது. அதுவும் கலங்கலா."

கண் நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாதே என்ற பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லையாம்.

"நான் பாத்துக்கறேன் பாய். நீங்க விரல மட்டும் காட்டுங்க" என்றேன். அன்று முழுக்க அப்படியே ஓட்டினோம்.

மறுநாள் காலை அவர் நேராக மேனேஜர் ரூமுக்குப் போனார். திரும்பி வந்து சொன்னார்: "ரெண்டு பேர் பாத்தோம்னு முத்திர வெக்கிறோம். பாக்கறது நீ ஒருத்தன். நீ தப்பா பாத்தா சொல்றதுக்கு யாரு இருக்கா? சாயந்திரத்தோட நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது டேபிளில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் ஜோடி சண்டை போடுவதை நிறுத்திவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். அவருக்கு என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.

அன்று மாலை கடைசித் தோல் வந்தது. பாய் என் கைப்பக்கம் திரும்பவே இல்லை. உள்ளங்கையால் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, எனக்கு முன்பே மூன்று விரல் காட்டினார். என் கண்ணுக்கு அது முதல் கிரேடு.

"ஒத்துப்போகல பாய். வாங்க, ஜன்னலுக்குப் போலாம்" என்றேன்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.