மீனாக இழுக்க ஓர் ஆள்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் உறவினர்களில் பலருக்கு அவரைப் பூட்டுக்காரராகத் தெரியும். சிலருக்குக் குளக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவராகத் தெரியும். கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், இரண்டையும் சேர்த்து எழுதும் கடமை என்னுடையதாயிற்று.

அண்ணன் பிறந்தது நத்தம் பக்கத்துச் சிற்றூரில். சான்றிதழில் உள்ள பிறந்த நாள் கோடையில் வருகிறது. அது பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்டது. அம்மா சொன்னபடி அது ஒரு மார்கழித் திங்கட்கிழமை, விடியும் நேரம். நான் அம்மாவையே நம்புகிறேன்.

அப்பா இறந்தபோது அண்ணன் எட்டாம் வகுப்பு, நான் இரண்டாம் வகுப்பு. அந்த ஆண்டே அவர் திண்டுக்கல்லுக்கு வந்து ஒரு பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தார். நான் படித்ததும், அஞ்சலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், நிலக்கோட்டையில் வீடு கட்டியதும் அந்த அரத்தினால்தான். அவருடைய திருமணப் பேச்சை எடுத்தால், "மொதல்ல தம்பிக்கு முடியட்டும்" என்பார். எனக்கு முடிந்த பிறகு யாரும் அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பின்னாளில் திண்டுக்கல்லிலேயே பேகம்பூரில் வீடு பிடித்து, பின்னறையைப் பட்டறையாக்கிக்கொண்டார். அவர் செய்த பூட்டுக்கு மாற்றுச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவே மாட்டார். சாவியைத் தொலைத்துவிட்டு வருபவர் கண்முன்னேயே பூட்டை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிது செய்து தருவார். "சாவி எங்கிட்டயும் ஒண்ணு இருந்தா, அதுக்குப் பேரு பூட்டா?" என்று கேட்பார்.

வயதாகி வேலையைக் குறைத்துக்கொண்ட பின், ஞாயிறுதோறும் மூங்கில் கழியும் தூண்டில் நரம்புமாகக் குளத்துக்குப் போனார். ஒரு பெரிய கெண்டை இழுத்த இழுப்பில் நரம்பு அவருடைய விரலை எலும்பு வரை அறுத்தது. தையல் பிரித்த அன்று, நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன்.

"கடையில வாங்குனது கெட்டுப்போச்சுன்னா யாருகிட்டலே போயி நிக்கிறது? நானே செஞ்சுக்கிறேன்."

அண்ணனிடம் நோட்டுப் புத்தகம் கிடையாது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் பென்சிலால் எழுதி, சுவரிலுள்ள ஆணியில் குத்தி வைப்பார். அந்தத் தாள்களை நாள்வாரியாக அடுக்கி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆடிப் பிறப்பன்று பித்தளைத் தகட்டில் இரண்டு வட்டுகள் வெட்டியிருக்கிறார். மறுவாரம் பழைய சைக்கிள் அச்சைத் தேய்த்து நடுவில் கோத்திருக்கிறார். கைப்பிடிக் குமிழ் தேங்காய்ச் சிரட்டையில். நரம்பு தானாக அவிழாமலிருக்க ஒரு பல்சக்கரம், அதில் விழும் ஒரு கொக்கி. கொக்கியை அழுத்தப் பூட்டுக்குள் வைக்கும் சுருள்வில்லையே போட்டார்.

ஆவணி முதல் ஞாயிறு அதைக் குளத்துக்குக் கொண்டுபோனோம். மீன் கடித்தது, இழுத்தது. ரீல் அசையவே இல்லை. நரம்பு அறுந்து, மீன் தூண்டில் முள்ளோடு போய்விட்டது.

"அண்ணே, மீனுக்கும் பூட்டுப் போட்டுட்டீங்களே" என்று நான் சிரித்தேன்.

"சிரிக்காதலே." அறுந்த நரம்பை ரீலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "இம்புட்டு வருஷமா விட்டுக்கொடுக்காத சாமானாவே செஞ்சு பழகிட்டேன். இது விட்டுக்கொடுக்கணும். ஆனா சும்மாவும் விட்டுறக் கூடாது."

கொக்கியைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் மேல் அழுத்தி நிற்கும் தோல் வட்டு ஒன்று வைத்தார். தோல் கொடுத்தவர் பக்கத்துத் தெருவில் தோல்கடை வைத்திருக்கும் பாய். திருகாணியை முடுக்கினால் இறுகும், தளர்த்தினால் இளகும். எந்த அளவில் நிறுத்துவது என்று பார்க்க, மீனைப் போல் இழுப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அது நான்.

பட்டறை வாசலில் அவர் ரீலோடு நிற்க, நான் நரம்பின் முனையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தேன்.

"மீனு நேரா போகுமாலே? தாலுகா ஆபீசுக்கு மனு குடுக்கப் போறவன் மாதிரி போற. திமிறுலே!"

எதிர்வீட்டில் மாவு அரைத்து விற்கும் அக்கா வெளியே வந்து, "ஏண்ணே, தம்பி ஓடிப்போயிருவாருன்னு கட்டி வச்சிருக்கீகளா?" என்றார். அண்ணன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று தோல் வழுக்கியது. மாற்றிவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். "அடுத்த ஞாயிறு வாரேண்ணே" என்றேன்.

அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். அதற்கடுத்ததில் என் வீட்டுக்கு விருந்தாளிகள். மூன்றாம் ஞாயிறு ஒரு காரணமும் இல்லை. பழைய கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு வீட்டில்தான் இருந்தேன். போன் செய்து, வர முடியுமா தெரியவில்லை என்று இழுத்தபோது, "மழ வரும்போல இருக்கு, நீ அலையாத" என்று அவரே சொல்லிவிட்டார். அன்று மழை இல்லை. நிலக்கோட்டையிலும் இல்லை, திண்டுக்கல்லிலும் இல்லை.

அந்த வாரம் புதன்கிழமை காலை அண்ணன் கதவைத் திறக்கவில்லை. மாவு அரைக்கும் அக்காதான் முதலில் கவனித்தார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததாக மருத்துவர் சொன்னார்.

ஆணியில் அந்த மூன்று ஞாயிறுகளின் தாள்களும் இருந்தன.

முதல் தாள்: "தோல் மாற்றியாச்சு. தம்பிக்கு ஏதோ வேலை, வரவில்லை."

இரண்டாவது: "எதிர்வீட்டு மாடிப்படியிலிருந்து செங்கல் கட்டி இறக்கிப் பார்த்தேன். ஒழுங்காக இறங்குகிறது."

மூன்றாவது: "செங்கல் திமிறாது. தம்பி வந்தால்தான் தெரியும்."

உள்பக்கம் பூட்டியிருந்த கதவை அண்ணனின் பூட்டே என்பதால் உடைக்க மனமில்லாமல், கூரை ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கிய பாய்க்கு நன்றி. அன்றைக்கு அடுப்பு எரியாத வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்த அக்காவுக்கு நன்றி. நத்தத்திலிருந்து வண்டி பிடித்து வந்து தோள் கொடுத்த பங்காளிகளுக்கு நன்றி. அண்ணன் தனியாக இருக்கிறார் என்று நினைத்து, போகிற வழியில் ஒரு முறையேனும் எட்டிப் பார்த்த ஒவ்வொருவருக்கும் நன்றி. அந்தப் பட்டியலில் என் பெயரை நான் சேர்க்கவில்லை.

ரீல் பட்டறை மேசையில் அப்படியே இருக்கிறது. திருகாணியை நான் தொடவில்லை. நினைவு நாளன்று சாப்பிட்ட பின் உங்களில் யாராவது ஒருவர் வாசலில் நின்று அதைப் பிடித்துக்கொண்டால் போதும். முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். இந்த முறை நேராகப் போக மாட்டேன்.