முடுக்கைப் பார்த்த கதவு

“யாரும்மா அங்கன போறது?”

மாலை அஸர் தொழுகை முடிந்து, பாலாடைக் கிண்ணத்தை முந்தானையில் மூடிக்கொண்டு ஆபிதா பீவி பெரியம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. குரல் பக்கத்து வீட்டு ஹசன் அலி மாமாவின் கொட்டிலுக்குள்ளிருந்து வந்தது.

“நான்தான் மாமா, ருக்சானா.”

“நல்லதாப் போச்சு. கதவைப் பிடிச்சு இழு பாப்போம்.”

“எதைப் பிடிச்சு இழுக்க? வெளிப்பக்கம் கைப்பிடியே இல்லையே.”

“அதை நாளைக்கு வைக்கதா இருந்தேன்” என்றார்.

“எப்ப இருந்து உள்ள இருக்கீங்க?”

“மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்தேன்.”

“அப்ப, டொக்கு டொக்குன்னு கேட்டதெல்லாம்?”

“கதவைத் தட்டினதும்மா! நாலு பேரு போனாங்க. ‘மாப்பிள்ளை இன்னிக்கு மும்முரமா வேலை பாக்காங்க’ன்னு சொல்லிட்டே போயிட்டாங்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். “தோளால ஒரு மோது மோதுங்க மாமா.”

“மோதினா உடைஞ்சிரும். பதினொரு நாள் வேலை. நீ போய் நஸீமா மாமியைக் கூட்டிட்டு வா. பைய கூப்பிடு, ஊரைக் கூட்டிராதே.”

நான் பையத்தான் கூப்பிட்டேன்.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனதும் ஆண்தான் மனைவி வீட்டுக்கு வந்து சேர வேண்டும். வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு என்று ஒடுக்கமான சந்து ஓடும். அது பெண்கள் நடக்கும் வழி. ஆண்கள் அதில் வருவதில்லை, வந்தாலும் தூரத்திலேயே செருமிவிட்டுத்தான் வருவார்கள். அங்கே போகிற பெண்களைக் குரல் கொடுத்துக் கூப்பிட ஹசன் அலி மாமாவுக்குக் கூச்சம். அதனால்தான் மூன்று மணி நேரமாகத் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் கடைசியில் குரல் கொடுத்திருக்கிறார்.

ரியாத்தில் ஏசி உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு விடும் மே மாதத்தை ஒட்டி வருவார், ஜூன் முடிவதற்குள் கிளம்பிவிடுவார். கிடங்கில் சரக்கு வந்த மரப்பெட்டிகளைப் பிரித்து, வெள்ளிக்கிழமைகளில் தன் அறைக்கு ஓர் அலமாரி அடித்தார். அவருக்குத் தெரிந்த தச்சு வேலை அவ்வளவுதான்.

போன மே மாதம் வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஆனால் முடிவாக நிற்கவும் இல்லை. ஜனவரிக்குள் பதில் சொன்னால் போதும், இடத்தை வைத்திருக்கிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நஸீமா மாமி எங்கள் உம்மாவிடம் புலம்புவார்: “வீட்டுல எங்கன உக்காரணும்னு தெரியாம விருந்தாளி மாதிரி நிக்காங்க ராத்தா. அவங்களுக்குன்னு ஒரு மூலை அமையலைன்னா ஜனவரியில பெட்டியைக் கட்டிருவாங்க பாரு.”

அந்த மூலையாகத்தான் ஆட்டுக் கொட்டிலை மாமி ஒழித்துக் கொடுத்தார். மாமா இரண்டு நாள் கழுவினார், ஆட்டு வாடை போகவில்லை. தரைக்கு சிமெண்ட் பூசினார். வெளிச்சத்துக்காக இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டார். சுவரில் கட்டைவிரல் பருமனுக்கு ஓட்டை போட்டு, வீட்டிலிருந்து ஒயர் இழுத்தார். போனில் வீடியோ பார்த்து ஒரு மேசை செய்தார். அது நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. காலை அறுத்தார், ஆடியது. மறுபடி அறுத்தார். மூன்றாவது தடவைதான் நின்றது. இழைப்புளி, உளி, ரம்பம் ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஆணி அடித்து, பென்சிலால் அதனதன் உருவத்தை வரைந்து வைத்தார்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கொட்டிலுக்கு ஒரே வாசல், அதுவும் முடுக்கைப் பார்த்து. ஆடு நின்ற இடத்தில் ஓர் ஆண்பிள்ளை நின்றால் யார் நடப்பார்கள்? எல்லாரும் ரோட்டைச் சுற்றிப் போக ஆரம்பித்தோம். ஆபிதா பீவி பெரியம்மா நேராகவே சொல்லிவிட்டார்: “ஒம் மாப்பிள்ளைக்கு ஒரு மூலை கொடுத்தே. எங்களுக்கு வழி இல்லாம ஆக்கிட்டியே நஸீமா!”

மாமி கணவரிடம் வந்தார். “கதவு போடுங்க. இல்லைன்னா ஆட்டைத் திரும்பக் கட்டிருவேன்.”

மாமா ஸ்ரீவைகுண்டத்து மர அறுவை மில்லில் நன்றாகக் காய்ந்த பூவரசம் பலகை வாங்கி வந்தார். ஆவணி வெயிலில் பதினொரு நாள் இழைத்து, அறுத்து, நிலைச்சட்டத்தோடு இடைவெளியின்றி ஒட்டும்படி கதவை மாட்டினார். வெளியே யார் போகிறார்கள் என்று உள்ளேயிருந்து தெரியக் கூடாது அல்லவா? ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்து, இடுக்கில் நுழைத்துப் பார்க்கும்படி மாமியிடம் கொடுத்தார். நுழையவில்லை. நாங்கள் மறுபடி முடுக்கில் நடந்தோம்.

பிறகு ஐப்பசி வந்தது, மழை வந்தது, மரம் ஈரத்தில் உப்பி நிலையில் இறுகிக்கொண்டது.

நான் கூப்பிட்டதும் நஸீமா மாமி குடையோடு ஓடி வந்தார். கீல் வெளிப்பக்கம் இருந்தது; திருப்புளியோ கொட்டிலுக்குள். மாமா அதை ஒயர் ஓட்டை வழியாக வெளியே தள்ளினார். மாமி வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றத் தொடங்க, நான் குடை பிடித்தேன். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

“என்ன நஸீமா, மாப்பிள்ளையைப் பூட்டியே வச்சிட்டியா?” என்றார் ஆபிதா பீவி பெரியம்மா. “பாஸ்போர்ட்டை ஒளிச்சு வச்சா பத்தாதா?”

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து மாமா ஸலாம் சொன்னார். பெரியம்மா பதில் ஸலாம் சொல்லிவிட்டுக் கேட்டார்: “இந்த ஊருல ஐப்பசியில எந்தக் கதவு ஒழுங்காத் திறந்திருக்கு மாப்பிள்ளை? எங்க வீட்டு அலமாரி தை பொறந்தாத்தான் திறக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே.”

“எனக்கு எப்படித் தெரியும் பெரியம்மா? கல்யாணம் முடிஞ்சு இந்த வீட்டுல நான் ஒரு மழைகூடப் பாத்ததில்லையே.”

மாமியின் கை நின்றது. பிறகு அடுத்த திருகாணியைத் திருகினார்.

கதவு கையோடு வந்தபோது மாமா மரத்தூளோடு, தலையைக் குனிந்தபடி நின்றிருந்தார்.

“பசிக்குதா?” என்று மாமி கேட்டார்.

“பசிக்குது.”

மறுநாள் மாமா கதவின் ஓரத்தை ஒரு ரூபாய்த் துட்டு நுழையும் அளவுக்கு இழைத்து, அந்த இடுக்கை மறைக்கிற மாதிரி உட்பக்கம் மெல்லிய சட்டம் அடித்தார். அதற்கும் முன்னால், முதல் வேலையாக வெளிப்பக்கம் கைப்பிடி வைத்தார். அடுத்த வாரம் பெரியம்மா தன் அலமாரிக் கதவைச் சீவித் தரச் சொல்லி ஆள் அனுப்பினார். முற்றத்தில் இழைப்புளியைத் தீட்டிக்கொண்டிருந்த மாமா முடியாது என்றுவிட்டார்.

“இப்பச் சீவினா வெயில்ல இடுக்கு விழுந்திரும். தையில நல்லாக் காயட்டும். நானே வந்து பாக்கேன்னு சொல்லு.”

பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த நஸீமா மாமி நிமிர்ந்து பார்த்தார். “தையிலயா?”

“தையிலதான்” என்றார் மாமா, இழைப்புளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டிசம்பர் கடைசியில் ஒருநாள் நான் முடுக்கில் போகும்போது கதவுக்குப் பின்னால் செருமும் சத்தம் கேட்டது. நின்றேன்.

“ருக்சானாவா? நீ இங்கிலீஷ் படிச்ச பிள்ளை. எங்க மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதித் தரணும்மா, நான் வரலைன்னு. நல்ல மனுஷன், மனசு நோகாம எழுது. இங்கன மழை நல்லாப் பெய்யுதுன்னும் ஒரு வரி போட்டுரு.”