கிராணி கூப்பிட்ட எண்

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செம்பனைத் தோட்டத்திலிருந்து மலாக்காவின் ஜாசின் ஊர் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். குலை வெட்டி வெட்டித் தோள் இறங்கிவிட்டது. அந்த வேலை முடிந்தது. கடந்துபோன வண்டிகளின் கறுப்பு எண்பலகைகளைப் படித்தபடி நடந்தேன். ஒன்றில் நான்கு எட்டுகள். இன்னொன்றில் வெறும் ஏழு. எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள்தான் எண் தேடி வாங்குவார்கள். என் அண்ணன் மொப்பெட்டுக்குக் கொடுத்த எண்ணை வாங்கிக்கொண்டு வந்தான், அவ்வளவுதான். இங்கே லாரி ஓட்டுகிறவரும் பிடித்த எண்ணுக்குக் கைப்பேசியில் ஏலம் கேட்கிறார். எனக்கு அது வியப்பாகவே இருந்தது.

சாலைத் தடுப்பில் ஒரு தமிழர் அதிகாரியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். பெயர் சேகர், லாரி ஓட்டுநர். அவருடைய புதுக் காரில் 217 மட்டும் சாய்ந்து பெரிதாக நின்றது. எண் உங்களுடையது, எழுத்தின் அளவு சட்டத்துடையது என்று மலாயில் சொல்லி, அதிகாரி அபராதச் சம்மன் எழுதினார். இன்றைக்கே மாற்ற வேண்டுமாம்.

"ஏறுங்கண்ணே, ஜாசின்ல இறக்கி விடறேன்" என்றார் சேகர், பையோடு நின்ற என்னைப் பார்த்து. வழியில் சொன்னார்: "அம்மா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க. படிப்பு இல்ல. காலைப் பெரட்டுல ஆள் எண்ணும்போது, கணக்கு எழுதற கிராணி கூப்பிட்ட அவங்க நம்பர் இதான். இது ஒண்ணுதான் அவங்களுக்குப் படிக்கத் தெரியும். கண்ணு வேற மங்கல். அதான் பெருசா போட்டேன் லா. சின்னதா போட்டா தெரியாதுண்ணே."

ஜாசினில் எண்பலகைக் கடை முதலாளியான சீனத் தவுக்கே சூடு காட்டிப் பழைய எழுத்துகளை உரித்தார். நான் அளவுகோலைப் பிடித்தேன். உயரம் எழுபது மில்லிமீட்டர், எண்களுக்கு இடையே பத்து. சேகர் தள்ளித் தள்ளி நின்று பார்த்து, முகம் வாடினார்.

அம்மாவுக்குத் தெரிகிறதா என்று பார்க்க நானும் கூடப் போனேன். அவர் வீட்டு வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். "யாரு வண்டிடா?" என்று பின்பக்கம் வந்தார். குனிந்தார். இன்னும் குனிந்தார். விரல் 2-இன் மேல் போய், 1-இல் நின்று, 7-ஐத் தடவியது.

"என் நம்பர்டா!"

"ஆமாம்மா."

"முன்னாலயும் இருக்கா?" சுற்றி வந்து அதையும் தடவிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறினார். "அந்தப் பழைய கிராணி வீட்டு வழியா ஓட்டு. மெதுவா ஓட்டுடா, பார்க்கட்டும்."

முப்பது வருடம் கிராணியின் வாயிலிருந்து வந்த எண், இப்போது அந்த அம்மாவைச் சுமந்துகொண்டு போனது. பையோடு தெருவில் நின்று, அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்தேன்.

மறுநாள் காலை தவுக்கேயின் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எழுத்துப் பெட்டியை அடுக்கச் சொன்னார். அடுக்கும்போது டி, என் இரண்டையும் எடுத்து, பத்து மில்லிமீட்டர் விட்டு மேசையில் வைத்துப் பார்த்தேன். எங்கள் ஊர் வண்டிகள் அப்படித்தான் தொடங்கும். இங்கே டி என்றால் திரெங்கானு, என் என்றால் நெகிரி செம்பிலான். இரண்டையும் அவற்றின் அறைகளில் தனித்தனியே போட்டுவிட்டு, மலாக்காவின் எம் எழுத்தை எடுத்தேன்.