நாலாவது கேன்

இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் என் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருக்கிறது. நடந்ததில் பாதியைத்தான் அதில் எழுதிக் கொடுத்தேன். மீதியையும் எழுதியிருந்தால் என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் போட்டிருப்பார்கள். அந்த மீதி இதுதான்.

என் பெயர் முத்லக். ஹாயிலில் டயர் கடை வைத்திருக்கிறேன். குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் ஆண்பிள்ளை எவனுக்கும் வீட்டில் இருப்பு கொள்ளாது. வியாழக்கிழமை மதியம் வண்டியைக் கிளப்பி, நஃபூத் பாலைவன மணலுக்குள் போய்க் கூடாரம் அடித்து, தீ மூட்டி, ஆட்டுக்கறி தின்றால்தான் மூச்சே வரும். நானும் என் தங்கை புருஷன் ஃபர்ராஜும் ஆளுக்கொரு வண்டியில் பன்னிரண்டு வருஷமாகப் போய்வந்தோம். என்னென்ன எடுப்பது என்று பட்டியல் போடுவது நான்தான். என் பட்டியலில் ஒரு தீப்பெட்டி குறையாது, ஒரு தீப்பெட்டி கூடவும் செய்யாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த ஜனவரி மாதம், புதன்கிழமை சாயங்காலம். கடைக்குப் பின்னால் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தேன். இரண்டு கூடாரம், ஆறு கம்பளி, ஆட்டுத்தோல் மேலங்கி, மண்வெட்டி, வண்டி இழுக்கிற கயிறு, காற்றடிக்கிற மெஷின், விறகு, அரிசி, கறி, பேரீச்சை, ஏலக்காய் போட்டு இடித்த காப்பித்தூள். தண்ணீர், இருபது லிட்டர் கேன் மூன்று. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர், மூன்று நாள். கச்சிதம்.

ஃபர்ராஜ் கேன்களைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

“நாலாவது எங்க மச்சான்?”

“இடமில்ல.”

நாலாவது கேன் எங்களுக்கானது இல்லை. வழியில் எதிர்ப்படுகிறவனுக்கு. முகம் தெரியாத ஒருத்தனுக்காக ஒரு பங்கு தண்ணீர் எடுத்து வைக்காமல் எங்கள் ஆட்கள் மணலில் இறங்கியதே இல்லை, ஒட்டகத்தில் போன காலத்திலிருந்து. பன்னிரண்டு வருஷமாக அதைத் தூக்கிக்கொண்டு போய், அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன். ஒருத்தனும் வந்து கேட்கவில்லை. இந்த முறை அந்த இடத்தில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜை ஏற்றியிருந்தேன்.

“குளிர்ல பல்லு தந்தியடிக்குது. உனக்கு ஃப்ரிட்ஜு கேக்குதா?” என்றான் ஃபர்ராஜ்.

“கறி கெடாம இருக்கும்ல.”

“அட, வெளியில வச்சாலே கெடாதுய்யா! விருந்தாளி தண்ணிய எறக்கிட்டு சோடாவ ஏத்துற. வெளங்கிரும்.”

“பன்னெண்டு வருஷமா வராதவன் இந்த வாரந்தான் வரப்போறானா? போய் கயித்தக் கட்டு.”

அவன் தலையில் அடித்துக்கொண்டு கயிற்றைக் கட்டினான்.

மறுநாள் 3.10க்குத் தார்ச்சாலை முடிந்தது. டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டு மணலில் இறங்கினோம். நான் முன்னால், ஃபர்ராஜ் பின்னால்.

சரியாக 3.40. வலது பக்கம் ஒரு பழைய வெள்ளை பிக்-அப், அச்சு வரைக்கும் புதைந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றார். கையில் நீல நிறக் கேன். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து எங்களைப் பார்த்து ஆட்டினார். காலி என்று காட்டினார்.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

“பார்த்தியா? நிறுத்தவா?”

“நிறுத்தாத. இந்தச் சரிவுல நின்னா நாமளும் புதைஞ்சிருவோம். பின்னாடி வண்டிங்க வருது, அவங்க பார்த்துக்குவாங்க.”

பின்னால் ஒரு வண்டியும் வரவில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். எங்கள் தண்ணீர் அளந்து வைத்த தண்ணீர். இவருக்குக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை வரை வராது. என் பட்டியல் கெட்டுப்போகும். அவ்வளவுதான் என் மனதில் ஓடியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

“சரி,” என்றான் ஃபர்ராஜ்.

அங்கிருந்து நாற்பத்தொரு கிலோமீட்டர் உள்ளே போய்க் கூடாரம் அடித்தோம். தொழுதோம். தீ மூட்டினோம். காப்பி கொதித்தது.

மணி 6.05.

டொக்... டொக்... டொக்...

காலி கேன் முழங்காலில் இடிக்கிற சத்தம். இருட்டிலிருந்து அந்தப் பெரியவர் வந்தார். அதே சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணி. அதே நீலக் கேன். வந்து தீயருகே உட்கார்ந்தார்.

அந்த மணலில், இரண்டரை மணி நேரத்துக்குள், நாற்பத்தொரு கிலோமீட்டர். ஒட்டகம்கூட வராது.

தீயருகே வந்தவரை யார், எப்படி வந்தீர் என்று எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். முதலில் காப்பி. நான் எழுந்து நின்று ஊற்றினேன். விருந்தாளி போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்டுவார். ஆட்டாதவரைக்கும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவர் ஆட்டவில்லை.

கொதிக்கிற காப்பி. ஊதாமல் குடித்தார். நீட்டினார். ஊற்றினேன். மறுபடி நீட்டினார். கோப்பைக்குள் பார்த்தேன். ஈரமே இல்லை. கழுவி வெயிலில் காய வைத்த மாதிரி இருந்தது.

புகை அவர் முகத்துக்கு நேராகப் போனது. அவர் கண் சிமிட்டவில்லை.

“மச்சான்...” ஃபர்ராஜ் என் அங்கியைப் பிடித்து இழுத்தான். “அவரு வாயப் பாரு...”

உதடு வெடித்திருந்தது. வெடிப்புக்குள் மணல். நாக்கு கறுத்து, தடித்து...

6.40. காப்பி தீர்ந்தது.

“தண்ணி,” என்றார். அந்த ஒரே வார்த்தை. நீலக் கேனை என் முன்னால் வைத்தார்.

நான் முதல் கேனைத் தூக்கி வந்து ஊற்றினேன்.

குளக்... குளக்... குளக்...

இருபது லிட்டர். நீலக் கேன் பத்து லிட்டர்கூடப் பிடிக்காது. வழியவில்லை. நிறையவில்லை.

“போதும்டா! நிறுத்து!” ஃபர்ராஜ் கத்தினான்.

கை நிற்கவில்லை. நிறுத்த எனக்குத் தைரியமும் இல்லை. மத்தியானம் ஒருமுறை நிறுத்தாமல் போனவன் நான்.

இரண்டாவது கேன்.

குளக்... குளக்...

மூன்றாவது.

குளக்...

7.10. கடைசிச் சொட்டு விழுந்தது. அவர் நீலக் கேனைத் தூக்கிக் கவிழ்த்தார்.

ஒரு சொட்டு வரவில்லை.

என்னைப் பார்த்தார்.

காப்பிக் கோப்பையை எடுத்தார்.

லேசாக... ஆட்டினார்.

கொடுக்க இனி இவனிடம் எதுவுமில்லை என்று தெரிந்து, என் மானத்தைக் காப்பாற்றுகிற மாதிரி.

எழுந்தார். இருட்டுக்குள் போனார்.

டொக்... டொக்...

அப்புறம் சத்தமே இல்லை.

கூடாரத்தைக்கூடப் பிரிக்கவில்லை. போட்டது போட்டபடி 7.20க்குக் கிளம்பினோம். 9.50க்கு என் விளக்கு வெளிச்சத்தில் அந்த வெள்ளை பிக்-அப் தெரிந்தது. இந்த முறை நிறுத்தினேன். பெரியவர் பின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் நீலக் கேன். உடம்பு கட்டை மாதிரி விறைத்திருந்தது. கேனுக்குள் கை விட்டேன். மணல் மட்டும்தான்.

“நீ சொன்ன, நான் கேட்டேன். நானும் ஒரு மனுசன்...” என்று ஃபர்ராஜ் மணலில் உட்கார்ந்து அழுதான். நான் அழவில்லை. கொன்றவன் எதற்கு அழ வேண்டும்?

திரும்பி வரும் வழியில் பிணத்தைப் பார்த்தோம் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் கேனை ஆட்டியதை எழுதவில்லை. காப்பி குடித்ததையும் எழுதவில்லை. நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மத்தியானம் நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார், பிழைத்திருப்பார் என்று அது ஒன்றே மண்டைக்குள் ஓடியது.

திங்கட்கிழமை காலை 10.15க்குக் காவல் அதிகாரி போன் செய்தார்.

“டாக்டர் அறிக்கை வந்துருச்சு அண்ணே. மனுசன் தாகத்துல போயிருக்காரு. செவ்வாய்க்கிழமையே.”

“வியாழக்கிழமைதானே...”

“இல்லண்ணே, செவ்வாய். நீங்க அந்தப் பக்கம் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. அதுக்கு முந்தின சனிக்கிழமையே வண்டி மணல்ல புதைஞ்சிருக்கு. பக்கத்துல பதினோரு வண்டித் தடம் இருக்கு. ஒருத்தன்கூட நிக்கல. இப்பல்லாம் யாருக்கு ஈவு இரக்கம் இருக்கு, சொல்லுங்க?”

நான் போனை வைத்தேன்.

விஷயம் தெரிந்த ஒன்றிரண்டு பேர் என்னைத் தேற்றுகிறார்கள். “செவ்வாய்க்கிழமை செத்தவருக்கு வியாழக்கிழமை நீ என்னத்தச் செஞ்சிருக்க முடியும்? உன் மேல பழி இல்ல, விடு,” என்கிறார்கள். ஃபர்ராஜ் அப்படிச் சொல்வதில்லை. அவன் இப்போது என்னோடு மணலுக்கு வருவதும் இல்லை.

பழி இல்லையாம்! செத்தவர் என்று தெரிந்தா நான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன்? வியாழக்கிழமை 3.40க்கு என் கண்ணுக்கு அவர் உயிரோடுதான் இருந்தார்.