மிஷ்காவின் காற்றை எடுத்துக்கொண்ட மீட்டர்

வாயில் நாலைந்து கொண்டை ஊசிகளைக் கடித்துக்கொண்டே மிஷ்கா கேள்வி கேட்பாள். கொஞ்ச நாளாக அவளிடம் ஒரே கேள்விதான்.

"ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்காரர் கார்ல உனக்கு முன் சீட்டா, பின் சீட்டா?"

நாற்காலியில் இருப்பவளின் முடி மிஷ்காவின் கையில் இருப்பதால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. முன் சீட் என்றால் சீப்பு சற்று அழுத்தமாக இறங்கும். பின் சீட் என்றால் தேநீர் வரும்.

மிஷ்கா என் பெரியம்மா மகள். அத்லோன் என்ற எங்கள் பேட்டையில், மசூதிக்கு எதிர்ச் சந்தில் பெண்களுக்கான முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். எப்பேர்ப்பட்ட சுருளையும் நேராக்கிவிடுகிற கை. அவளுடைய வாடிக்கைக்காரி ஒருத்தி வேறு கடைக்குப் போய் வந்தால், காய்கறி வாங்கும் வரிசையில் பின்னால் நின்றே கண்டுபிடித்துவிடுவாள். "இது என் கத்தரி இல்லையே. யாரு கத்தரி?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பாள். கணவன் இக்ஷான் யார் வீட்டுச் சமோசாவையாவது புகழ்ந்துவிட்டால் அப்போது ஒன்றும் பேச மாட்டாள். மறுநாள் அவன் தட்டில் சமோசா குவிந்திருக்கும். அவன் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இக்ஷான் ரொட்டி ஆலையில் அடுப்பைக் கவனிக்கிறவன். பேச்சுக் குறைவு. அவனிடம் பழைய வெள்ளை கோல்ஃப் கார் ஒன்று இருக்கிறது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணித்து வேகம் கூட்டுகிற டர்போவை அதில் பொருத்தி வைத்திருக்கிறான். டர்போ அழுத்தம் காட்டும் மீட்டர் தேர்ந்தெடுக்க நோன்புப் பெருநாளில் ஆரம்பித்தவன், ஹஜ்ஜுப் பெருநாளில்தான் முடித்தான். கறுப்பு முகமா, வெள்ளை முகமா? ஊசியா, எண் ஓடும் திரையா? இரவில் சிவப்பாக எரிய வேண்டுமா, நீலமாகவா? சாப்பாட்டு மேசையில் குழம்புக் கிண்ணத்தில் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பான்.

"எனக்கு மோதிரம் எடுக்க இவனுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகலை," என்றாள் மிஷ்கா என்னிடம். "அதுவும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது."

மீட்டர் விஷயத்தில் அவன் யோசனை கேட்டது தௌஃபீக்கிடம். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பன். கதவுக்குக் குனிந்து வருகிற உயரம். ஒரு சனிக்கிழமை இருவரும் முற்றத்தில் காரை நிறுத்தி வேலையை ஆரம்பித்தார்கள். மிஷ்காவும் நானும் தேநீரோடு வந்தபோது காருக்குள் முன்பலகையின் நடுவே குளிர்காற்று வருகிற இரண்டு ஓட்டைகளும் மூடியில்லாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கு எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டர், மற்றதுக்கு டர்போ மீட்டர்.

"அது எனக்குக் காத்து வர்ற ஓட்டை," என்றாள்.

"கண்ணாடியை இறக்கிக்கோ," என்றான் இக்ஷான், குனிந்த தலை நிமிராமல்.

"கேட்டியா?" என்று என் பக்கம் திரும்பினாள். "என் மூச்சுக்காத்தைப் புடுங்கி அவளுக்குக் கொடுத்தாச்சு." அன்றிலிருந்து டர்போ மீட்டர் அவளுக்கு 'அவள்' ஆயிற்று.

காற்றைக்கூட அவள் விட்டுக்கொடுத்திருப்பாள். சீட்டை விட முடியவில்லை. ஞாயிறுதோறும் நடக்கிற கார்ப் பந்தய ஓட்டத்தில் ஓட்டுகிறவன் கண் சாலையை விட்டு அகலக் கூடாது. பக்கத்தில் இருக்கிறவன் மீட்டரைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். டர்போ அழுத்தம் ஒன்றைத் தாண்டினால் அந்தப் பழைய இன்ஜின் தாங்காது. ஒன்றுக்குக் கீழே பத்துக் கோடுகள்; புள்ளி எட்டை வெறும் 'எட்டு' என்பார்கள். குரல் கேட்டதும் இக்ஷான் காலைத் தளர்த்துவான். அந்தக் குரல் இதுவரை தௌஃபீக்கினுடையது. கல்யாணமான பெண் வேலியோரம் நின்று கையசைக்க வேண்டும்.

"நான் சொல்ல மாட்டேனா? எனக்குக் கண்ணில்லையா, வாயில்லையா?"

"அண்ணி, வாய் இருக்கிறது ஊருக்கே தெரியும்," என்றான் தௌஃபீக். "ஆனா இதுக்கு அனுபவம் வேணும்ங்க."

இக்ஷான் டர்போ மீட்டரை எண்கள் நேராக நிற்கும்படி வைக்கவில்லை. ஒன்று என்ற எண் உச்சிக்கு வரும்படி மீட்டரையே திருகி வைத்தான். ஊசி நிமிர்ந்து நின்றால் எல்லை வந்துவிட்டது என்று பொருள். "எண்ணைப் படிக்க நேரமிருக்காது," என்று நண்பனுக்கு விளக்கினான். "நிமிர்ந்துச்சுன்னா குரல் கொடு, போதும்." மிஷ்கா தேநீர்த் தட்டைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். மதியத் தொழுகைக்கு அவர்கள் போனதும் காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். அவள் இறங்கியபோது துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

மறுநாள் பழைய விமான ஓடுபாதையில் ஓட்டம். நானும் மிஷ்காவும் கையில் பாகில் ஊறிய கூசிஸ்டர் பணியாரத்தோடு வேலியோரம் நின்றிருந்தோம். அவள் வாங்கியதைக் கடிக்கவே இல்லை. சர்க்கரைப் பாகு மணிக்கட்டுவரை வழிந்தது. கோல்ஃபுக்குப் பக்கத்தில் தக்காளி ஏற்றுகிற சிவப்பு வண்டி ஒன்று. பாதித் தூரம் முன்னால் போன கோல்ஃப் திடீரென்று மூச்சை இழுத்துக்கொண்டது. தக்காளி வண்டி தாண்டிப் போய்விட்டது. வேலியோரம் ஒரே சிரிப்பு.

திரும்பி வந்த இக்ஷான் இன்ஜினைத் திறக்கவில்லை. மீட்டரின் முன் குனிந்தான். உச்சியில் இருக்க வேண்டிய ஒன்று, ஒரு விரல் அகலம் வலப்புறம் சரிந்திருந்தது. எல்லை வருமுன்பே ஊசி நிமிர்ந்திருக்கிறது.

"யார் தொட்டது?"

"நான்தான்," என்றாள் மிஷ்கா. "கோணலா இருந்துச்சு, நேராக்கினேன். அதானே என் தொழில்."

"அண்ணி! பொறாமையில இன்ஜினுக்கே பிரேக் போட்டுட்டீங்களே!"

"பொறாமையா? உன்மேலயா? ஊசி நிமிர்ந்துச்சுன்னு கத்தினியே, பக்கத்துல என்ன எண் இருந்துச்சு, சொல்லு பார்ப்போம்."

தௌஃபீக் குனிந்து மீட்டரைப் பார்த்தான்.

"புள்ளி எட்டுதான் இருந்திருக்கும், ஒண்ணு இல்லை. எண் தெரியாதவனுக்கு முன் சீட், தெரிஞ்சவளுக்கு வேலி."

இக்ஷான் மீட்டரை மெதுவாகத் திருப்பிப் பழைய இடத்தில் நிறுத்தினான். அவன் காது சிவந்திருந்தது. தோற்ற கோபத்தோடு அவள் சொன்னது சரி என்ற சங்கடமும் சேர்ந்திருக்கலாம். "இனிமே இதைத் தொட்டே, உன் கடைச் சீப்பெல்லாம் கடல்ல," என்றான். பிறகு நண்பனிடம், "நீ பின்னால உட்காரு. வீட்டுக்குப் போற வழியில நெடுஞ்சாலை ஏறும்போது இவ சொல்லட்டும். சரியாச் சொன்னா அடுத்த ஞாயிறு இவ. இல்லேன்னா நீதான்."

தௌஃபீக் முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்துக்கொண்டு என் பக்கத்தில் மடங்கி உட்கார்ந்தான். மிஷ்கா தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். வழியெல்லாம் அவள் கண் மீட்டரிலேயே இருந்தது.

வளைவு முடிந்து சாலை விரிந்ததும் இக்ஷான் மிதித்தான். முதுகு சீட்டோடு ஒட்டியது.

"நாலு!" என்றாள் மிஷ்கா. இக்ஷானின் கண் மீட்டருக்குப் போய் வந்தது.

"ஆறு!" மறுபடியும் போய் வந்தது.

"அண்ணி சரியாத்தான்டா சொல்றாங்க, ரோட்டைப் பாரு!" என்று தௌஃபீக் பின்னாலிருந்து அலறினான்.

"ஏழு!" அப்போதும் அந்தக் கண் அவளிடம் வரவில்லை, மீட்டரிடம்தான் போனது.

மிஷ்கா வலது கையை நீட்டி, அவனுக்கும் மீட்டருக்கும் நடுவே உள்ளங்கையைச் சுவர்போல நிறுத்தினாள். தனக்கு மட்டும் தெரிகிற அந்த வட்டத்தின்மேல் தலையைச் சாய்த்து, "எட்டு," என்றாள், கையை எடுக்காமல்.