அம்மாவின் பக்கம் திரும்பிய பெட்டி

சுவிட்சைப் போட்டதும் முதலில் வருவது ஓசை அல்ல, மணம். மரப்பெட்டிக்குள் இருக்கும் வால்வுகள் மெல்லச் சிவந்து, அவற்றின் மேல் படிந்த டில்லிப் புழுதி சூடாகி, இஸ்திரி போட்ட துணியும் வறுத்த மாவும் கலந்தது போன்ற ஒரு வாசனை அறையில் பரவும். அதற்குப் பிறகுதான் 'ம்ம்ம்' என்ற முனகல் எழும். மந்திர் மார்க்கில் பள்ளி விட்டு, பஸ்ஸில் வந்து இறங்கிப் படியேறும்போது அந்த வாசனை வந்தால் அம்மா கிடாரோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். அன்று வீட்டில் யாருக்கும் ஏச்சு விழாது.

சரோஜினி நகரில் அப்பாவுக்குக் கிடைத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸின் முதல் மாடியில் நாங்கள் இருந்தோம். எதிர்வீட்டில் இருந்த வங்காளப் பெண்மணியும் அம்மாவும் மத்தியான வேளைகளில் சேர்ந்து ஸ்டீல் கிடார் பழகினார்கள். அவருடைய கணவருக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது, இத்தனை சாமானோடு இதையும் தூக்கிக்கொண்டு ரயிலேற முடியாது என்று கிடாரையும், அதன் ஓசையைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையரையும் அம்மாவிடமே விட்டுவிட்டுப் போனார். அந்த ஆம்ப்ளிஃபையருக்கு எங்கள் வீட்டில் பெயர் 'பொட்டி'.

ஸ்டீல் கிடாரை மடியில் படுக்கவைத்து, இடது கையில் வழவழப்பான ஓர் இரும்புத் துண்டைப் பிடித்து, தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டே வாசிக்க வேண்டும். கையை நிறுத்தக் கட்டைகள் கிடையாது; கோடுகள் மட்டும் போட்டிருக்கும். சுரம் சரியாக எங்கே நிற்கிறது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். இந்தச் சங்கதி அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர் அப்பா.

பால்கனிக் கதவோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு, தெருவைப் பார்க்க அதை வைத்தார். அம்மா தயங்கியதும், "ஏளா, நம்மூர்க் கொடையில ரேடியோக் குழாய எங்க பாத்துக் கட்டுவாவ? தெருவப் பாத்துத்தான? சாமியப் பாத்தா கட்டுவாவ?" என்றார். திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடையில் குழாய் ஒலிபெருக்கியைப் பனைமரத்தில் கட்டி நாலு ஊருக்குக் கேட்கவைக்கிறவர்களுக்கு, பாட்டு என்றால் வெளியே போக வேண்டியது. அதோடு, தன் பெண்டாட்டி ஸ்டீல் கிடார் வாசிக்கிறாள் என்பது பிளாக் முழுக்கத் தெரிய வேண்டும் என்ற பெருமையும் அவருக்கு இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பெட்டிக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்த அம்மாவுக்கு வந்து சேர்ந்தது, போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவது போன்ற ஓசை. சரியாகக் கேட்காததால் இரும்பை இன்னும் கொஞ்சம் தள்ளுவாள். சுரம் தாண்டிப் போய்விடும். திரும்ப இழுப்பாள், கீழே இறங்கிவிடும். அத்தனையும் தெருவுக்குத் துல்லியமாகக் கேட்டது. ஒருநாள் கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி முற்றத்தில் நின்று, "பெஹன்ஜி, பில்லி பால் லீ க்யா? பேச்சாரி பூக்கி ஹை!" என்று சத்தமாகக் கேட்டார். பூனை வளர்க்கிறீர்களா, பாவம் பசியில் கத்துகிறதே என்று அர்த்தம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, கிடாரை உறையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

"ஊரு சிரிக்கதுக்கா வாசிக்கேன்? போதும்" என்றாள் அப்பாவிடம். அப்பா எவ்வளவோ சொல்லியும் எடுக்கவில்லை. குளிர்காலம் முழுக்கப் பெட்டி ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு கதவோரம் கிடந்தது. வகுப்பில் ஒருதரம் சிரிப்புக்கு ஆளானால் வருஷம் முழுக்க வாய் திறக்காத பிள்ளை நான். அதனால் அம்மா இனி அதைத் தொடவே மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

வெயில் வந்தது. பால்கனிக் கதவில் கூலரைப் பொருத்த வேண்டும் என்பதால் அப்பாவும் நானும் பெட்டியைத் தூக்கி, வேறு இடமில்லாமல், உள்சுவரோரம் குளிருக்குப் போர்த்தும் பஞ்சு 'ரஜாய்'கள் வைத்திருந்த தகர ட்ரங்கின் மேல் வைத்தோம். முகம் அறைக்குள் பார்த்தது. "உயிரோட இருக்கா செத்துப்போச்சா, ஒருக்காப் போட்டுப் பாரு" என்றார் அப்பா. சோதித்துப் பார்க்கத்தானே என்று அம்மா கிடாரை எடுத்தாள். கூலர் லாரி மாதிரி இரைந்துகொண்டிருந்தது. என்ன வாசித்தாலும் வெளியே போகாது என்ற தைரியமும் இருந்திருக்கும்.

பெட்டிக்கு நேர் எதிரே நெருங்கி உட்கார்ந்ததால் முதலில் அது ஊளையிட்டது. பாயை இழுத்துச் சற்றுத் தள்ளி, ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். தடித்த தந்தியைத் தொட்டதும் ட்ரங்க் கிலுகிலுத்தது. ஒரு ரஜாயை வெளியே எடுத்து மடித்துப் பெட்டிக்கடியில் வைத்தோம். கிலுகிலுப்பு நின்றது, பெட்டியும் அவள் காதுமட்டத்துக்கு உயர்ந்தது. பிறகு ஒரே ஒரு சுரம். இரும்பு போக வேண்டிய இடத்துக்குப் போய் நின்றது. அம்மா மறுபடியும் அதையே வாசித்தாள். இத்தனை நாளும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஓர் ஆள் திரும்பிப் பேசியது போல அந்தப் பெட்டியைப் பார்த்தாள்.

"இப்படி வச்சா வெளிய ஒருத்தனுக்கும் கேக்காதே" என்றார் அப்பா.

"வெளிய பொறவு கேக்கட்டும். மொதல்ல எனக்குக் கேக்கணும்லா."

அந்தக் கோடை முழுக்கக் கூலர் இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டு அம்மா வாசித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் ஊற்றுவதற்காக அப்பா கூலரை நிறுத்தினார். அம்மா கவனிக்கவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தாள். பாட்டு முடிந்து நிமிர்ந்தபோது வாசலில் கீழ்வீட்டு ஆன்ட்டி, தட்டில் வெண்டைக்காயும் கத்தியுமாக நின்றிருந்தார். நான் வழக்கம்போலத் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டேன். இன்னொரு கேலி வந்தால் கிடார் கட்டிலுக்கடியில் போய்விடும், அப்புறம் வெளியே வராது.

"பில்லி கஹாங் கயீ?" என்றார் ஆன்ட்டி. பூனை எங்கே போயிற்று என்று.

அம்மாவுக்குத் தெரிந்த இந்தி கொஞ்சம்தான். "சலீ கயீ" என்றாள். போய்விட்டது.

"அச்சா, அப் பஜாவோ" என்று, வாசிக்கச் சொல்லிவிட்டு, ஆன்ட்டி தரையில் சம்மணமிட்டு வெண்டைக்காயை நறுக்க ஆரம்பித்தார். குழாயும் கையுமாக நின்ற அப்பாவைப் பார்த்து, கூலரை இப்போது போட்டுவிடாதீர்கள் பாயிசாப் என்றும் சொன்னார். வியர்க்க வியர்க்க எல்லோரும் கேட்டோம்.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது உயர உயரமாகக் கட்டடங்கள். வால்வு கிடைக்காமல் அந்தப் பெட்டியும் போயிற்று. அப்பாவும் இல்லை. அம்மா என்னோடு டில்லியிலேயே, துவாரகாவில் இருக்கிறாள். என் மகள் வாங்கித் தந்த புதுப் பெட்டி டிபன் கேரியர் அளவுதான். சுவிட்சைப் போட்டால் ஒரு வாசனையும் வராது.

அம்மாவுக்கு இடது காது மந்தமாகிவிட்டது. போன வாரம் பெட்டியை அவளுக்கு வலப்பக்கம் ஸ்டூலில் வைத்தேன். ஒரு சுரம் வாசித்துவிட்டுத் தலையசைத்தாள். "ஏட்டி, இன்னுங் கொஞ்சம் கிட்ட." நகர்த்தினேன். ஊளையிட்டது, சற்றே திருப்பினேன். ஓசையைக் கூட்டினேன். இன்னும் கூட்டச் சொன்னாள். "ம், கேக்கு" என்று கடைசியில் ஆரம்பித்தாள்.

பக்கத்து ஃபிளாட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"கெடக்கட்டும்ட்டீ, காத்து வருதுல்லா" என்றாள், கையை எடுக்காமலே.